கையால் கொடுத்தது

எங்கள் குடும்பத்தில் எந்தப் பொருளும் அதே உருவத்தில் அடுத்த தலைமுறைக்கு வந்ததில்லை. தாத்தாவின் நிலம் அப்பா காலத்தில் மனைகளாகப் போனது. அப்பா கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு நானும் பங்காளிகளும் மூன்று மாடி எழுப்பினோம். அம்மாவின் காசுமாலை உருகி அக்காவுக்கு நெக்லஸானது. பிறகு அதுவும் உருகி அவள் மருமகளுக்கு வளையலாகிவிட்டது. ‘அழிச்சுப் பண்ணது’ என்று அதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் பூர்வீகமாக இருக்கும் எந்த வீட்டில் விசாரித்தாலும் இப்படித்தான் இருக்கும்.

உருக்கவும் இடிக்கவும் முடியாத ஒரு பொருள் இருந்தது. அப்பாவின் கைக்கடிகாரம். அது வேறு வழியாகப் போனது.

அப்பா பொன்னுரங்கம் இறந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. பாடையில் கிடத்துவதற்கு முன் என் அக்கா பச்சையம்மா அவர் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினாள். அவருடைய வேட்டி, சட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு பழைய துண்டில் மூட்டையாகக் கட்டினாள். செத்தவர் கடைசியாகப் போட்டிருந்தது வீட்டில் தங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சுடுகாட்டில் வேலை செய்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். நெஞ்சோடு அணைத்திருந்ததால் உள்ளே கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்டது. அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன். முடிச்சை அவிழ்த்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள அரை நிமிடம் போதும். நான் அவிழ்க்கவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவும் இல்லை.

அதன் பிறகும் சொல்லவில்லை. எனக்கு இப்போது ஐம்பத்து இரண்டு வயது.

நாவலூரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. இயந்திரங்களுக்கான கையேடுகளை எழுதுவது. எதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று நாள் முழுவதும் எழுதுவேன். அப்படி ஒரு நாள், வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல், கடலில் மூழ்குபவர்கள் கட்டும் கடிகாரம் ஒன்றின் கையேட்டைப் படித்தேன். அதன் முகப்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. தண்ணீரில் இறங்கும்போது அதைத் திருப்பி வைத்துக்கொண்டால் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரியும். அந்த வளையம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். எதிலாவது இடித்து நகர்ந்துவிட்டாலும், மூச்சுக்கு மிச்சமிருக்கும் நேரத்தைக் குறைத்துத்தான் காட்டும், ஒருபோதும் கூட்டிக் காட்டாது. யாரோ ஒருவர், எப்போதோ, முகம் தெரியாத ஒருவனின் உயிருக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார். அன்று மத்தியானம் எனக்கு வேலை ஓடவில்லை.

இரண்டு வருடம் அந்தக் கடிகாரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு என் மனைவி வினிதாவிடம் சொன்னேன். என் மகள் ஓவியாவுக்கு என்னிடமிருந்து ஒரே ஒரு பொருளாவது உருகாமல், இடியாமல், இருந்தபடியே போக வேண்டும் என்றேன். வினிதா கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விலையைக் கேட்டுவிட்டு, “அதுல நாலு பவுன் வாங்கலாம்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, “நாலு பவுனையும் அவ அழிச்சுத்தான் பண்ணுவா. வாங்குங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

வேளச்சேரி மாலில் இருந்த கடையில் ஸஹானா என்ற பெண் கடிகாரத்தைத் தோல் விரிப்பில் வைத்துக் காட்டினாள். கறுப்பு முகப்பு, கறுப்பு வளையம். படத்தில் பார்த்ததைவிடச் சிறியதாகவும் கனமாகவும் இருந்தது.

“சார் டைவிங் போவீங்களா? அந்தமான் போறவங்க நெறைய பேர் இத வாங்குவாங்க.”

“எனக்கு நீச்சல் தெரியாதும்மா.”

“செம்பாக்கம் ஏரிக்கு வாக்கிங் போவாரு” என்றாள் வினிதா. “கரையோட சரி.”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. என் மணிக்கட்டை அளந்து, பட்டையிலிருந்து இரண்டு கண்ணிகளைக் கழற்றினாள். கட்டிவிட்டு, “முகப்பு மேல இருக்கற பிலிம எடுத்துடட்டுமா சார்?” என்று கேட்டாள்.

“வேணாம். இருக்கட்டும்.”

“போடறதுக்குத்தானே வாங்கறீங்க?”

“இது பொண்ணுக்கும்மா. எனக்கப்புறம் அவ போட்டுக்கட்டும்னு.”

கடைக்காரப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்வேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்துவிட்டு, “அப்ப அவங்க கைக்கு இன்னும் ரெண்டு கண்ணி எடுக்கணும். நீங்களும் கூட வாங்க சார்” என்றாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த வினிதா பள்ளிக்கரணையில் கேட்டாள். “போடவே போறதில்லையா நீங்க?” நான் யோசித்துக்கொண்டே வந்தேன். மேடவாக்கம் தாண்டியது. செம்பாக்கமும் தாண்டியது. “சரி, வூட்டுக்குப் போய் லெட்டர் போடுங்க” என்றாள்.

அவளிடம் சொல்லக் கூச்சப்பட்ட காரணம் இதுதான். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் முதலில் வந்து நிற்பவள் அக்கா. மூட்டை கட்டுபவளும் அவளே. அப்பாவுக்குச் செய்ததை எனக்கும் ஒரு குறை இல்லாமல் செய்வாள். ஆனால் நான் போடாத கடிகாரம் செத்தவன் போட்ட கடிகாரம் ஆகாது அல்லவா? பெட்டியில், பிலிம்கூட உரிக்காமல், புதிதாகவே இருந்தால் அதில் யாரும் தோஷம் சொல்ல முடியாது. நேராக ஓவியாவிடம் போகும். கையேடு எழுதுகிறவனுக்கு வருகிற யோசனை. அப்போது எனக்கு அதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

அது கை அசைவிலேயே ஓடும் கடிகாரம். பீரோவில் இரண்டு நாள் கிடந்தால் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் வினிதா காய் வாங்கப் போகும் நேரம் பார்த்து எடுத்துச் சாவி கொடுத்து, ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். ஐந்து மாதம் அப்படியே போனது.

ஆயுத பூஜைக்கு ஓவியா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே விவசாயக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். பக்கத்துத் தெருவிலிருந்து அக்காவும் வாழைக்கன்றோடு வந்துவிட்டாள். நான் பொரி கடலையும் பூசணிக்காயும் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன்.

பலகையில் என் லேப்டாப், வினிதாவின் புத்தகங்கள், ஸ்கூட்டர் சாவி, திருப்புளி செட் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் கடிகாரம். பிலிம் இல்லை. முகப்பில் கட்டைவிரலால் அப்பிய சந்தனம், அதன்மேல் குங்குமம். வளையத்தைச் சுற்றிலும் பொட்டுப் பொட்டாக எட்டு இடத்தில் சந்தனம். பட்டைக்குள் ஒரு முழம் மல்லிகைப்பூ நுழைந்து வெளியே வந்திருந்தது.

“இன்னாடா அப்டி பாக்கற?” என்றாள் அக்கா. “புதுப் பொருளு. சாமிக்கு வெக்காம பூட்டி வெச்சுகினு கீற. நான் பீரோவ தெறந்து பாக்கலன்னா இந்த வருசம் தவறிப் போயிருக்கும்.”

“அது மேல ஒரு தாள் இருந்துச்சேக்கா.”

“ஜவ்வுத்தாளு. கீச்சிட்டேன். சாமிக்கு வெக்கறத எவனாவது கவரோட வெப்பானா?”

வினிதா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நான் சொன்னேங்க. அண்ணி கேக்கல” என்றாள். ஓவியா பொரியில் கை விட்டுக்கொண்டே, “அப்பா, செம லுக்கா இருக்குப்பா. கல்யாணப் பொண்ணு மாதிரி” என்றாள்.

பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமியன்றுதான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக் கூடாது. அன்று சாயங்காலம் முழுவதும் எதிரே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டபடி, சந்தனம் ஓரங்களில் வெளுத்துக் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இரண்டு முறை தட்டில் சுண்டல் போட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. அது இன்றைய கோபம் மட்டும் இல்லை என்பதும் தெரிந்தது.

மறுநாள் காலையில் குளித்து, வழக்கப்படி ஒரு புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தேன். பிறகு கடிகாரத்தை எடுத்தேன். வளையம் திரும்பவில்லை. காய்ந்த சந்தனம் அதன் பற்களுக்கிடையே சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. சமையலறை மேடையில் வைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொரு பல்லாகச் சுரண்ட ஆரம்பித்தேன். ஓவியா வாயில் பல்துலக்கும் பிரஷோடு வந்து நின்றாள்.

“வாட்சுக்கு ஏன்ப்பா காது கொடையற?”

“வளையம் சிக்கிக்கிச்சு.”

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, கடிகாரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “முன்னூறு மீட்டர்னு போட்டிருக்கு. கடலுக்குள்ள முன்னூறு மீட்டர் போகும். குழாயில காட்ட வேண்டியதுதானே?”

“நம்ம போர் தண்ணி உப்புடா.”

“கடல்ல என்ன சக்கரையா இருக்கு?”

நான் அதை வாங்கி, தண்ணீர் புகாதபடி பக்கவாட்டுச் சாவித் திருகை இறுக்கினேன். இன்னொரு முறை இறுக்கினேன். அவள் அதைக் குழாய்க்கு அடியில் நேராகப் பிடித்தாள். ஒரு பழைய பிரஷை எடுத்துச் சுற்றித் தேய்த்தாள். தொட்டியில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துத் தெளிந்தது. அவள் வளையத்தைத் திருப்பினாள். டக் என்றது. இன்னொரு முறை டக். பக்கவாட்டில் முடி நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. அக்காவின் வளையல் பட்டிருக்க வேண்டும்.

“பொட்டியிலயே வெச்சிருந்தியாமே. அம்மா சொன்னா. யாருக்கு இது?”

“உனக்கு.”

“எனக்கா?”

“எனக்கப்புறம்.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் குழாயை மூடினாள். ஈரக் கடிகாரத்தைத் தன் டீ-ஷர்ட்டில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “அதுவரைக்கும் நீயும் போட மாட்ட, நானும் போட மாட்டேன். நல்லாருக்குப்பா” என்றாள்.

அவளிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. நான் ஏன் போடவில்லை என்று சொன்னேன். அப்பாவின் கடிகாரத்தைச் சொன்னேன், மூட்டையைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். காலையிலேயே வந்து கூடத்தில் வாழைக்கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது எனக்குத் தெரியவில்லை.

“தினகரா” என்றாள். “இங்க வா.”

போனேன். ஓவியாவும் பின்னாலேயே வந்தாள்.

“அப்பா வாட்சு உனக்கு வேணுமா இருந்துச்சா?”

“ம்.”

“இத்தினி வருசமாவா?”

தலையாட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அறுபத்து ஒன்று. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். அவள் முகத்தில் கோபமா வருத்தமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“அன்னிக்கு நீ கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டேன். செத்தவரு கையிலேந்து கழட்டினத உன் கையில ஏத்த எனக்கு மனசு வராது. இப்பவும் வராது. ஆனா ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தாரே. அப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தின்னா, அவரு கையாலயே உனக்குக் கட்டி வுட சொல்லியிருப்பேன். உசுரோட இருக்கசொல்ல கையால குடுத்தா அது உன்னுது. அதுல இன்னா தோஷம்? இதோ, காதுல போட்டுகினு கீறேனே, இது எங்க மாமியாரு சாவறதுக்கு நாலு நாள் முன்னாடி கழட்டிக் குடுத்தது. இதுக்கு எவனாவது ஏதாவது சொன்னானா?”

அந்தக் கம்மலை நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன். எப்படி வந்தது என்று கேட்டதில்லை. வழக்கத்தில் பாதியை மட்டும் தெரிந்துகொண்டு, மிச்சப் பாதி இருக்கிறதா என்றுகூட விசாரிக்காமல், மனதுக்குள் அக்காமேல் ஒரு வழக்கு நடத்தி வந்திருக்கிறேன். மறுபக்கத்துக்கு ஒரு வார்த்தை பேச இடம் கொடுக்கவில்லை.

“அவளுக்குத் தரணும்னா இப்பவே குடு” என்றாள் அக்கா. “விஜயதசமி. இதவிட நல்ல நாளு வருமா?”

ஓவியாவின் உள்ளங்கையில் கடிகாரம் ஈரம் காயாமல் இருந்தது. கறுப்பு முகப்பு பளிச்சென்று தெரிந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, அதை என் கையில் கட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். அது கோயம்புத்தூர் போய்விடும். நான் ஒரு நாள்கூடக் கட்டியதில்லை.

“இன்னா, மனசு வரலியா?”

“வருதுக்கா” என்றேன். வந்தது. கொஞ்சம் நேரமானது.

வினிதா தட்டில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வைத்துக் கொண்டுவந்தாள். “மூஞ்சி கழுவிகினு வாடி, சோம்பேறி” என்று அக்கா ஓவியாவை விரட்டினாள். கிழக்குப் பார்த்து உட்கார வைத்தாள். தட்டை அவளிடம் நீட்டிவிட்டுக் கடிகாரத்தை எடுத்து அவள் கையில் கட்டினேன். கொக்கி மாட்டியதும் அது முழங்கைப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. அவள் அதை மணிக்கட்டுக்கு இறக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என் பெண்ணுக்கு என்னைப் போல மௌனம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

எழுந்ததும், “கனமா இருக்குப்பா” என்றாள். “இது இப்ப என்னோடதுதானே?”

“உன்னோடதுதான்.”

“என்ன வேணா பண்ணலாமா?”

“பண்ணு.”

கழற்றினாள். “கைய நீட்டு.”

நீட்டினேன். என் கையில் கட்டினாள். சரியாக உட்கார்ந்தது. என் கைக்கு அளந்து எடுத்ததுதானே.

“ஹாஸ்டல்ல என் சோப்பு டப்பாவே காணாமப் போகுது. இத அங்க வெச்சுக்க முடியாது. நீ போட்டுக்கோ. ஆனா டெய்லி போடணும். பொட்டியில வெக்கக் கூடாது. மழை பேஞ்சாலும் கழட்டக் கூடாது. நான் லீவுக்கு வந்தா என்கிட்ட குடுத்துடணும். திரும்பிப் போறப்ப தருவேன்.”

“வாடகைக்கு வுடறியாடி?” என்றாள் அக்கா.

“இரவல்தான் அத்த. நாளைக்கே ஏதாவது ஆயிடுச்சுன்னா மூட்டையில கட்டிடாத.”

“ஏய்” என்று வினிதா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஆனால் அக்கா அதைத் தீவிரமாகவே எடுத்துக்கொண்டாள். வாழைநாரை விரலில் சுற்றியபடி யோசித்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தீர்ப்புக்குக் காத்திருப்பது போலத்தான் இருந்தது.

“இரவல் வாங்கனத எப்டி கட்ட முடியும்?” என்றாள் கடைசியில். “அடுத்தவங்க பொருளு. மொத வேலையா சொந்தக்காரிகிட்ட குடுத்துட்டுத்தான் மத்தத பாக்கணும். அதுவும் வழக்கந்தான்.”

பிறகு என்னைப் பார்த்து, “அதுக்கு நீயும் இன்னும் முப்பது வருசம் இருந்து காட்டு. நான் இருக்க மாட்டேன். இதையெல்லாம் இவ ஞாபகம் வெச்சுகினா சரி” என்றாள். வாழைக்கன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். “அக்கா” என்றேன். “இன்னா?” என்றாள். வாழைக்கன்றை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். “கண்ணாடிய நல்லா தொடச்சுக்கோ, சந்தனம் ஓரத்துல கீது” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நான் கடிகாரத்தைத் துடைக்கவில்லை. தெருமுனையில் அவள் திரும்பும்வரை வாழைக்கன்றோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓவியாவை ரயிலேற்றிவிட்டோம். திங்கட்கிழமை காலை மழை. ரெயின்கோட்டின் கைப்பகுதி குட்டை. மணிக்கட்டு நனைந்துகொண்டே நாவலூர்வரை போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் கேன்டீனில் கை கழுவும்போது பக்கத்தில் ஆல்வின் வந்து நின்றான். என் பிரிவில் வேலை செய்யும் பையன், ஓவியாவைவிட நாலைந்து வயது மூத்தவன். கடிகாரங்கள் பற்றி அவனுக்குக் கொஞ்சம் தெரியும்.

“சார், கழட்டிட்டு கழுவுங்க சார், தண்ணி படுது” என்றவன், குனிந்து பார்த்தான். “ஓ. இது ஒண்ணும் ஆகாது. எப்ப சார் வாங்கினீங்க? சொல்லவே இல்ல?”

“என்னோடது இல்ல ஆல்வின். பொண்ணோடது.”

“பொண்ணு வாட்ச ஆட்டையப் போட்டுட்டீங்களா?”

“இரவல்” என்றேன். “தீபாவளிக்கு வருவா. குடுத்துடணும்.”